நேற்றைய சாம்பாரும் செல்வத்தின் நேர்காணலும்

எங்கள் ஆலையில் யாரையாவது வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பினால், அவர் திரும்பி வந்த சில மாதங்களில் ஏதாவது ஒரு பிரிவை மூடிவிடுவார்கள். அதனால் சிங்கப்பூருக்கு என் பெயர் வந்தபோது யாரும் வாழ்த்தவில்லை. இரண்டு பேர் மட்டும் எந்தப் பிரிவு என்று மெதுவாகக் கேட்டார்கள்.

நான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தொன்பது ஆண்டுகளாக இருப்பவன். பெட்ரோலோ டீசலோ தொட்டியிலிருந்து வெளியே போகுமுன் தரம் சரி என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. பயிற்சிக்கு வைத்திருந்த தலைப்பு ‘எரிபொருளிலிருந்து வேதிப்பொருளுக்கு’. விஷயம் எளிது. இதுவரை கச்சா எண்ணெயில் பெட்ரோலும் டீசலும் எடுத்தது போக மிஞ்சியதைப் பிளாஸ்டிக் செய்கிறவர்களுக்குக் கொடுத்துவந்தோம். இப்போது கார்கள் மின்சாரத்துக்குப் போகின்றன. ஆகவே இனி முதல் பந்தியில் பிளாஸ்டிக்காரர்கள் உட்காருவார்கள். வண்டிக்காரர்கள் கைகழுவிக் காத்திருக்க வேண்டும்.

என் மனைவி இரண்டு பொறுப்புகள் கொடுத்து அனுப்பினாள். ஒன்று, முறுக்கும் வடகமும் அடைத்த மஞ்சப்பையைப் புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் அவளுடைய சித்தப்பா மகன் செல்வத்திடம் சேர்ப்பது. மற்றது, செல்வத்தை நேர்காணலுக்குத் தயார் செய்வது. செல்வம் சிங்கப்பூரிலேயே பிறந்தவர். வயது ஐம்பத்தொன்று. அங்கே ஒரு சுத்திகரிப்பு ஆலையில் பெட்ரோல் தயாரிக்கும் பிரிவை இயக்குகிறவர். அந்தப் பிரிவை மூடுகிறார்கள். பதினேழு பேரில் ஐந்து பேரை மட்டும் புதிய வேதிப்பொருள் பிரிவுக்கு எடுப்பார்களாம். மற்றவர்களுக்கு ஒரு விருந்து, ஒரு நன்றிக் கடிதம். நேர்காணல் புதன்கிழமை மூன்று மணிக்கு.

திங்கள். விமான நிலையத்திலிருந்து ஏறிய டாக்சி மின்சார வண்டி. கிளம்பியதே தெரியவில்லை. சீனப் பெரியவர் ஒருவர் ஓட்டினார். என்ன வேலை என்று கேட்டார். பெட்ரோல் செய்கிறேன் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

சிராங்கூன் சாலையை ஒட்டிய தெருவில் அறை. நீளம் என் காலடியில் பதினொன்று, அகலம் ஆறு. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். பெட்டியைக் கட்டிலுக்கு மேல் வைத்தால்தான் குளியலறைக் கதவு திறக்கும். காலைச் சாப்பாட்டுக்கு எதிரே இருந்த உணவகத்துக்குப் போனேன். இட்லி நன்றாக இருந்தது. சாம்பாரில் ஒரு வாய் வைத்ததும் தெரிந்துவிட்டது, இன்று வைத்ததோடு நேற்றையதும் சேர்ந்திருக்கிறது. என் தொழிலில் நாக்குக்கு வேலை இல்லை என்றாலும், கலப்பு எங்கே இருந்தாலும் எனக்குத் தெரியும். பரிமாறியவர் மன்னார்குடிப் பக்கத்து ஆள். நேற்றையது மூன்றில் ஒரு பங்கு இருக்குமா என்று கேட்டேன். சுற்றிலும் ஒரு முறை பார்த்துவிட்டு, “பாதி சார்” என்றார்.

நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. புளிப்பேறிய சாம்பாரைப் புதிய சாம்பாரில் அளவாகக் கலந்து, எதுவும் வீணாகாமல், வாடிக்கையாளர் முகம் சுளிக்காமல் தீர்ப்பதுதான் திறமை. நாங்களும் அதைத்தான் செய்கிறோம். கந்தகம் கொஞ்சம் கூடிய டீசல் வந்தால் கொட்டிவிட மாட்டோம். கந்தகம் குறைந்த டீசலோடு சேர்ப்போம். இரண்டும் சேர்ந்து தேறிவிடும். நான் கையெழுத்துப் போடுவேன்.

பயிற்சி மண்டபத்தில் பனிக்கட்டிக் குளிர். தொடக்க உரை நிகழ்த்தியவர் ஆலோசனை நிறுவனத்துக்காரர். வாழ்நாளில் ஒரு வால்வைத் தொட்டிராத விரல்கள். திரையில் ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு பச்சை இலை. மூலக்கூற்றை எரிப்பது அதற்குச் செய்யும் அவமரியாதை என்றார். அதற்கு நீண்ட வாழ்வு கொடுக்க வேண்டுமாம். நீண்ட வாழ்வு என்றால் என்ன என்பதை நாற்காலியில் கண்டேன். பிளாஸ்டிக் உறையில் போட்ட பேனா, பிளாஸ்டிக் உறையில் போட்ட பெயர் அட்டை, இவை இரண்டையும் வைத்துக் கொடுத்த பிளாஸ்டிக் பை. மதிய உணவு கறுப்புப் பெட்டியில் வந்தது. அதை மூடிய மூடி, அதற்குள் கரண்டி, கரண்டிக்குத் தனி உறை. நான் சாப்பிட்டு முடிக்க ஒன்பது நிமிடம் ஆயிற்று. அந்தப் பெட்டி என் பேரன் காலத்திலும் இருக்கும்.

மாலையில் புக்கிட் பாஞ்சாங்குக்கு நேரடி ரயில். அங்கே இறங்கி, அடுக்குமாடிகளுக்கு இடையே வட்டமடிக்கும் சின்ன ரயிலில் மாற வேண்டும். நான் எதிர்த்திசையில் போவதில் ஏறிவிட்டேன். கம்புகளில் காயும் துணிகளைப் பார்த்தபடி ஊரையே ஒரு சுற்றுச் சுற்றினேன். வட்டப் பாதை என்பதால் எப்படியும் செல்வம் வீடு வந்துவிட்டது. எங்கள் ஊரில் தவறான ரயிலில் ஏறினால் அரக்கோணத்தில் இறங்கி அழ வேண்டும்.

செல்வத்தின் மனைவி மாலதி ஒரு பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கிறார். மஞ்சப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, இதையும் நெகிழியில் போட்டுத்தான் அண்ணி கட்டியிருக்காங்க என்று சிரித்தார். உண்மைதான். உள்ளே நான்கு பிளாஸ்டிக் உறைகள்.

மீன் கறியோடு சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டு நான் நேர்காணல் அதிகாரியாக உட்கார்ந்தேன். செல்வம் எதிரே, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு. இது கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாடகைக் கார் ஓட்டும் உரிமத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும் என்றார். அவர்களுடைய பழைய மேலாளர் ஒருவர் இப்போது டாக்சி ஓட்டுகிறாராம். மின்சார டாக்சி. தான் செய்த பெட்ரோலை வேண்டாம் என்று சொன்ன வண்டியில் உட்கார்ந்து சம்பாதிக்க வேண்டியிருக்கிறது என்று செல்வம் சொன்னபோது மாலதி சிரிக்கவில்லை.

முதல் கேள்வியாக, எந்த ஆலையிலும் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்டேன். சரக்கு தரத்துக்குக் கொஞ்சம் கீழே வருகிறது, என்ன செய்வீர்கள்?

“லைனை மூடிடுவேன் அத்தான். லேபுக்குப் போன் பண்ணுவேன். என்னன்னு தெரியிற வரைக்கும் டேங்க்குக்கு விடமாட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபத்தாறு ஆண்டுகள் பெட்ரோல் செய்த மனிதர் சொல்லும் பதிலா இது? அவரே ஒப்புக்கொண்டார். இதற்காகத்தான் வேலையில் தன்னைத் திட்டுவார்கள் என்றும், சும்மா சும்மா நிறுத்துகிறான் என்று பெயர் என்றும் சொன்னார். கை பயப்படுகிறதாம்.

நான் ஒரு அட்டையை எடுத்து என் கையெழுத்தில் நான்கு வரிகள் எழுதினேன். நிறுத்தக் கூடாது. மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும். நல்ல சரக்கு இருக்கும் தொட்டியில் அளவாகக் கலக்க வேண்டும். மொத்தமும் தேறியதும் தகவல் சொல்ல வேண்டும். அட்டையின் தலைப்பில் பொது விதிகள்: ஒரு மணி நேரம் முன்னால் போய்விடவும், உள்ளே நுழையுமுன் கைப்பேசியை அணைத்துவிடவும். ஆறு முறை ஒப்பிக்கச் சொன்னேன். ஐந்தாவது முறை சரளமாக வந்தது. ஆறாவது முறை நம்பிக்கையும் வந்தது.

மாலதி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: “அவருக்கு வர்றதை விட்டுட்டு உங்களுக்கு வர்றதைச் சொல்லிக் குடுக்கிறீங்க அண்ணே.”

பயிற்சி என்றால் அதுதான் என்றேன்.

செவ்வாய். நாள் முழுவதும் வகுப்பு. பச்சை இலைக்காரர் இன்றும் வந்தார். பக்கத்து இருக்கையில் வடோதராவிலிருந்து வந்த பொறியாளர். உலகம் பெட்ரோலை விட்டுவிட்டால் நாம் என்ன செய்வது என்ற கேள்விக்கு, உலகம் பிளாஸ்டிக் வாளிகளை விடாது என்று அவர் காதோடு சொன்னார். அன்று கேட்டதில் தெளிவான பேச்சு அதுதான்.

மாலையில் மனைவி கேட்ட மசாலாப் பெட்டிகள் வாங்கத் தேக்கா சந்தைக்குப் போனேன். பதினெட்டு டப்பாக்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குபவை. பிறகு ஒரு பெரிய கடையில் பிஸ்கட் வாங்கினால் பைக்குத் தனிக் காசு. பை வேண்டுமா என்று அந்தப் பெண் கேட்ட தொனியில் நான் ஏதோ குற்றம் செய்யப்போவது போல இருந்தது. பகல் முழுவதும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, பை செய்யும் சரக்கை எப்படிக் கூடுதலாக எடுப்பது என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். மாலையில் ஒரு பைக்கு வெட்கப்படச் சொல்கிறார்கள். பதினெட்டு டப்பாக்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தேன். ரயிலில் எனக்கு எதிரே நின்ற இரண்டு தமிழ் மாணவிகளில் ஒருத்தி, “அங்கிள் டப்பா ஷாப்பிங் பண்ணிருக்காரு, சோ க்யூட் லா” என்றாள். இந்த ஊர்ப் பேச்சு ‘லா’வில்தான் முடியும். எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும்.

புதன். ஒரு ஆலையைப் பார்வையிட, ஆலைகளுக்கென்றே உள்ள தீவுக்குப் பேருந்தில் அழைத்துச் சென்றார்கள். வாசலில் கைப்பேசிகளை வாங்கி எண் போட்ட பெட்டியில் வைத்தார்கள். எண்ணெய் ஆலைகளில் இது எங்கும் உள்ள வழக்கம். என்னுடையது பதினாறு.

உள்ளே எல்லாம் எங்கள் ஆலை போலத்தான், துடைத்து வைத்தது போல இருந்ததைத் தவிர. கட்டுப்பாட்டு அறையின் மாதிரி ஒன்று அமைத்திருந்தார்கள். திரையில் ஓடுவது பொய் ஆலை. ஆனால் வால்வைத் தப்பாகத் திறந்தால் நிஜம் போலவே கெடும். பயிற்சி தந்தவர் முப்பது வயதிருக்கும் சீனப் பெண். யார் முதலில் முயற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அனுபவத்துக்கு மரியாதை.

திரையில் புரொப்பிலீன் வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிக்கும் வாளிக்கும் மூலம் அதுதான். அழுக்கு அளவு மெல்ல ஏறியது. மிகக் கொஞ்சம். எங்கள் டீசலில் அந்த அளவைக் கண்டால் தூசு என்று ஊதிவிடுவோம். நான் பதறவில்லை. நிறுத்தாமல், நல்ல சரக்கு நிறைந்த பெரிய தொட்டிக்கு அளவாகத் திருப்பிவிட்டேன். பின்னால் வடோதராக்காரர் மெச்சித் தலையாட்டியதைத் திரையின் கண்ணாடியில் பார்த்தேன்.

திரை சிவந்தது. பெரிய தொட்டியின் பெயருக்கு மேல் குறுக்குக் கோடு விழுந்தது. வாங்கியவருடைய ஆலையும் நின்றுவிட்டது என்று ஒரு செய்தி வந்தது.

அந்தப் பெண் கோபப்படவில்லை. இந்தச் சரக்கில் அந்தத் தூசு போதும், வாங்குகிறவருடைய வினையூக்கி செத்துவிடும் என்று விளக்கினார். கெட்டதை நல்லதில் கலந்தால் கெட்டது தேறாது, நல்லதும் கெட்டதாகிவிடும். ஆகவே மூட வேண்டும், விலக்க வேண்டும், கேட்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: “எரிபொருள் ஆட்கள் எல்லோரும் இதையே செய்கிறார்கள். ஆள் எடுக்கும்போது முதலில் இதைத்தான் கேட்போம். கலப்பேன் என்று சொன்னால் அதோடு முடிந்தது.”

மணி பன்னிரண்டு நாற்பத்திரண்டு. செல்வத்தின் நேர்காணலுக்கு இன்னும் இரண்டு மணி பதினெட்டு நிமிடம். அட்டையை ஆறு முறை ஒப்பித்திருக்கிறார்.

பேருந்து குழுவாகத்தான் திரும்புமாம். தனியாக ஒருவரை வெளியே விட முடியாது என்றார்கள். சாப்பாடு, கறுப்புப் பெட்டியில். பிறகு குழுப் படம். பதாகையைத் தலைகீழாகப் பிடித்து ஒரு படம், நேராகப் பிடித்து ஒரு படம், பச்சை இலைக்காரர் நடுவில் வர வேண்டும் என்று இன்னொரு படம். பதினொரு நிமிடம். வாசலில் பதினாறாம் எண் பெட்டியிலிருந்து கைப்பேசி என் கைக்கு வந்தபோது இரண்டு ஒன்பது.

செல்வத்தின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. என் அட்டையின் தலைப்பு நினைவுக்கு வந்தது. ஒரு மணி நேரம் முன்னால் போய்விடவும். கைப்பேசியை அணைத்துவிடவும்.

மாலதியை அழைத்தேன். கடையில் மதியக் கூட்டம் முடிந்திருந்தது போலும், உடனே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“சொல்லிக் குடுத்தது தப்புங்கிறீங்களா அண்ணே?”

“தப்பு.”

பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. செல்வம் முதலில் சொன்னதுதான் சரி என்று நானாகச் சொன்னேன். அதை நேற்று முன்தினமே சொல்லியிருக்கலாமே என்று மாலதி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பூன் லே ரயில் நிலையத்தில் பேருந்து இறக்கிவிட்டது. நேர்காணல் குவீன்ஸ்டவுனில் ஒரு அலுவலகக் கட்டடத்தில். ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. உட்கார இடமும் கிடைத்தது. மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது என்று குறிப்பேட்டில் எழுதிப் பார்த்தேன். முதல் வாக்கியம் சரியாக வரவில்லை. அடித்தேன். என் குறிப்பேட்டில் அடித்தல் திருத்தல் இருந்ததில்லை. இரண்டாவதையும் அடித்தேன். மூன்றாவதை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கதவு மூடிக்கொண்டிருந்தது. வெளியே ரெட்ஹில் என்று பலகை. ஒரு நிலையம் தாண்டிவிட்டேன். இது வட்டப் பாதையும் இல்லை. அடுத்ததில் இறங்கித் திரும்பினேன்.

மூன்று இருபத்தாறுக்கு அந்தக் கட்டடத்தை அடைந்தேன். கீழ்த்தளத்தில் காப்பிக் கடை. செல்வம் ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து, பாலில்லாத தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். கழுத்துப்பட்டை சட்டைப் பையில். என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டார். முதல் ஆளாக உள்ளே கூப்பிட்டு, இருபது நிமிடத்தில் அனுப்பிவிட்டார்களாம்.

“கேட்டாங்களா?”

“மொத கேள்வியே அதான் அத்தான்.”

“என்ன சொன்னீங்க?”

“நீங்க எழுதிக் குடுத்ததை அப்படியே சொன்னேன். நாலு பாயிண்டும்.”

நான் உட்கார்ந்தேன். கடைக்காரர் வந்து என்ன வேண்டும் என்று கேட்டார். ஏதோ சொன்னேன். அவர் கொண்டுவந்து வைத்தது பார்லித் தண்ணீர்.

அந்தப் பதிலைக் கேட்டதும் நேர்காணல் செய்த அம்மையார் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். இதை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டாராம். அப்படிச் சரளமாக இருந்திருக்கிறது.

“எங்க அத்தான், இந்தியாவுல லேப் சீஃப், இருபத்தொம்பது வருஷ சர்வீஸ்னு சொன்னேன்” என்றார் செல்வம். “அவர் இருக்கட்டும், அங்க நீங்க தனியா நின்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டாங்க. கார்டுல அதுக்கு பாயிண்ட் இல்ல லா. அதனால நான் எப்பவும் பண்றதைச் சொன்னேன். மூடிடுவேன், லேபுக்குப் போன் பண்ணுவேன். இதுக்காக எனக்கு நாலு மெமோ குடுத்திருக்காங்கன்னும் சொல்லிட்டேன்.”

“மெமோவையுமா?”

“ஃபைல்ல இருக்கே அத்தான், மறைக்க முடியாது. அவங்க பேனாவைத் திரும்ப எடுத்து என்னமோ எழுதினாங்க. என்னன்னு தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. பார்லித் தண்ணீரைக் குடித்தேன். கட்டுப்பாட்டு அறையில் நடந்ததைச் சொன்னேன். செல்வம் முழுவதும் கேட்டுவிட்டு, “அப்ப முழு டேங்க்கும் போச்சா?” என்று மட்டும் கேட்டார். அவர் குரலில் கிண்டல் இல்லை. தொட்டிக்காகத்தான் வருந்தினார்.

வியாழன். நிறைவு நாள். பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். அதில் நான் வேதிப்பொருள் மாற்றத்துக்குத் தகுதி பெற்றவன் என்று இருந்தது. தொட்டியைக் கெடுத்தவர்களுக்கும் கெடுக்காதவர்களுக்கும் ஒரே சான்றிதழ். எல்லோரையும் சேர்த்துத் தேற்றிவிட்டார்கள்.

மாலை ஐந்து நாற்பதுக்குச் செல்வத்துக்கு மின்னஞ்சல் வந்தது. ஐவரில் ஒருவர். மூன்று மாதம் பயிற்சியாளராக, தன்னில் பாதி வயதுக்காரரின் கீழ் இருக்க வேண்டும். பழைய அனுபவம் கணக்கில் வராது. நான் புக்கிட் பாஞ்சாங் போய்ச் சேர்ந்தபோது, இம்முறை சரியான திசையில், அவர் அந்த மின்னஞ்சலை மாலதிக்கு மூன்றாவது முறையாக வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் என்றார். அடுப்பில் வெங்காயம் எதுவும் இல்லை.

எடுக்கப்படாத பன்னிரண்டு பேரில் ஆ குவான் என்பவரும் இருந்தார். எப்படிப்பட்ட கெட்ட சரக்கையும் கலந்து தேற்றிவிடுவார், அதற்காக இரண்டு முறை சிறந்த ஊழியர் விருது வாங்கியவர் என்று செல்வம் சொன்னார். கலப்பேன் என்று அவரும் சொல்லியிருப்பார். அவருக்கு அட்டை தேவைப்பட்டிருக்காது. இனி கார் ஓட்டப் போவதாகச் செல்வத்துக்குச் செய்தி அனுப்பியிருந்தார். எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை. அந்த நான்கு மெமோக்களையும் எழுதியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். பதவியில் மேலே இருக்கிறார்கள் என்றார் செல்வம்.

சாப்பிட உட்கார்ந்தோம். நான் கொண்டுவந்த வடகத்தை வறுத்திருந்தார்கள். உருளைக்கிழங்கு வறுவல், சாம்பார். முதல் கவளத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இது இன்று வைத்த சாம்பார், கலப்பே இல்லை, என் நாக்கு பொய் சொல்லாது, அந்த உணவகத்துக்காரர்கள் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன்.

மாலதி கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தார்.

“நேத்து அந்த டென்ஷன்ல யாரும் சாப்பிடல அண்ணே. முக்கால்வாசி நேத்து வச்சது.”

செல்வம் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். தட்டை மெதுவாக ஓர் அங்குலம் தள்ளி வைத்தார்.

“எனக்கு ரசம் போதும் லா. நான் இப்ப கெமிக்கல் ஆளு.”

“அப்ப நாளையிலேர்ந்து நீங்களே வைங்க” என்றார் மாலதி.

செல்வம் தட்டைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டார். நான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் பிரிவை இன்னும் மூடவில்லை.